பிறப்புச் சான்றிதழா, படிப்புச் சான்றிதழா?

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கலாம், கைநிறையச் சம்பளம், வீட்டிலிருந்தே 120 மணி நேரப் பயிற்சி, இன்று இரவு வரை மட்டும் தள்ளுபடி! நம் பிள்ளைகளின் கைப்பேசியில் இந்த விளம்பரம் ஓயாமல் வந்து விழுகிறது. யாருடைய கைப்பேசியில்? ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டு, தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு மாரடித்துக் கொண்டிருக்கிற முதல் தலைமுறைப் பட்டதாரியின் கைப்பேசியில். சேரியில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, ஆங்கிலத்தைக் கடித்துக் குதறி வசப்படுத்திய தங்கையின் கைப்பேசியில். எங்கள் பகுதிப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டி, "அண்ணே, இந்தச் சான்றிதழ் செல்லுமா?" என்று கேட்காத வாரம் குறைவு.

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. ஏனென்றால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தப் படிப்பு உண்மையான படிப்பு என்பது ஒன்று. எவ்வளவு உண்மையான படிப்பைப் படித்தாலும் நம் பிறப்பைக் கேட்டுக் கதவைச் சாத்துகிறவர்களை என்ன செய்வது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவர் வியாபாரி. இரண்டாவது கேள்வியை மட்டும் பேசுகிறவர் மேடைப் பேச்சாளர். நமக்கு இரண்டும் வேண்டும்.

முதலில் வியாபாரத்தைப் பார்ப்போம். 'டெஃபல்' என்பது எந்த ஒரு நிறுவனத்தின் பெயரும் இல்லை. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தல் என்பதற்கான பொதுச் சுருக்கம், அவ்வளவுதான். உலகம் முழுவதற்குமாக இந்தச் சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தும் அரசோ ஆணையமோ கிடையாது. இணையதளம் ஒன்றைத் திறந்து, நான்கு காணொளிகளை ஏற்றி, தங்க நிற முத்திரை போட்ட தாளை யார் வேண்டுமானாலும் விற்கலாம். 'சர்வதேச அங்கீகாரம் பெற்றது' என்று அதில் போட்டிருக்கும். அங்கீகாரம் கொடுத்தது யார் என்று தேடிப் போனால் இன்னொரு தனியார் அமைப்பு வரும். அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால் பதில் இருக்காது. நம் ஊரில் சாத்திரத்துக்குச் சாத்திரமே சாட்சி சொன்ன கதைதான்.

உண்மையான சான்றிதழ் எப்படி இருக்கும்? இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். ஒன்று, கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா. மற்றொன்று, லண்டன் டிரினிட்டி கல்லூரி வழங்கும் செர்ட்-டெசால். செல்டாவில் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி உண்டு. அதில் 6 மணி நேரம், உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று நீங்கள் பாடம் நடத்த வேண்டும். பயிற்சியாளர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். பாடம் முடிந்ததும் எங்கே சறுக்கினீர்கள் என்று சொல்வார். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளை 6 மணி நேரம் நீங்கள் கவனிக்க வேண்டும். நான்கு எழுத்துப் பணிகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்தப் பயிற்சி மையத்தைச் சேராத ஒரு வெளி மதிப்பீட்டாளர் வந்து சரிபார்ப்பார். டிரினிட்டியின் படிப்பும் இதே அளவு கறாரானது. அதிலும் கண்காணிப்போடு 6 மணி நேரக் கற்பித்தல் கட்டாயம்.

ஆகவே நீட்டப்படும் எந்த விளம்பரத்திடமும் நான் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். நான் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்துவேனா? அதை ஒரு பயிற்சியாளர் நேரில் பார்த்துத் திருத்துவாரா? என்னிடம் பணம் வாங்குகிறவருக்கு வெளியே இருந்து யாராவது என்னை மதிப்பிடுவார்களா? இந்தப் படிப்பில் ஒருவர் தோற்கவும் முடியுமா? நான்கிற்கும் 'ஆம்' என்றால் அது படிப்பு. எவரும் தோற்க முடியாத தேர்வு எவரையும் தேர்ந்தெடுப்பதுமில்லை.

இப்போது புதிதாக ஒரு தந்திரம் வந்திருக்கிறது. 'லெவல் 5' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இங்கிலாந்தின் தகுதிகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவல் என்ற அமைப்பின் பதிவேட்டில் செல்டாவும் டிரினிட்டி சான்றிதழும் ஐந்தாம் நிலையில்தான் இருக்கின்றன. அதே ஐந்தாம் நிலையில், ஒரு நாள்கூட வகுப்பறையில் நிற்காமல் முடித்துவிடக்கூடிய இணையவழிப் படிப்புகளும் இருக்கின்றன. பாடத்தின் கடினம் எவ்வளவு என்பதை நிலை எண் சொல்லும். நீங்கள் மாணவர் முன் நின்றீர்களா என்பதை அது சொல்லாது. பதிவேடு பொதுவெளியில் இருக்கிறது, யாரும் தேடிப் பார்க்கலாம். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. பாடத்திட்டத்தில் கற்பித்தல் பயிற்சி இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது படி. முதல் படியோடு நிற்கிறவர்களைக் குறிவைத்துத்தான் இந்தச் சந்தை நடக்கிறது.

"எதற்கு இவ்வளவு கறார்? சின்ன வேலைக்குச் சின்னச் சான்றிதழ் போதாதா?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. போதும். யாருக்குப் போதும் என்பதுதான் கேள்வி. மயிலாப்பூரில் பிறந்து, கான்வென்டில் படித்து, மாமா சிங்கப்பூரிலும் அத்தை நியூ ஜெர்சியிலும் இருக்கிற பையனுக்கு மட்டமான சான்றிதழே போதும். அவனுடைய உச்சரிப்பு ஒரு சான்றிதழ். குடும்பப் பெயர் ஒரு சான்றிதழ். "நம்ம பையன்தான்" என்று தொலைபேசியில் சொல்லும் ஒரு குரல், எல்லாவற்றையும் விடப் பெரிய சான்றிதழ். நமக்கு அந்தக் குரல் கிடையாது. நம் கையில் இருப்பது தாள் மட்டுமே. அந்தத் தாள் எவனும் மறுக்க முடியாத தாளாக இருந்தாக வேண்டும். தகுதி, திறமை என்று நூறாண்டாக நம் முகத்தில் வீசப்படும் சொற்களுக்கு, மலிவுத் தள்ளுபடியில் வாங்கிய தாள் பதிலாகாது.

இனி இரண்டாவது கேள்வி. நீங்கள் செல்டா முடித்துவிட்டீர்கள். உயர்தரத் தேர்ச்சியும் பெற்றுவிட்டீர்கள். தென்கொரியாவுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். அங்கே ஆங்கில ஆசிரியருக்கான ஈ-2 விசா அடிப்படையில் ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. கற்பித்தல் பயிற்சியே இல்லாத, ஏதோ ஒரு பாடத்தில் பட்டம் பெற்ற அமெரிக்க இளைஞனுக்குத் திறக்கும் கதவு, பத்தாண்டு ஆங்கிலம் கற்பித்த திண்டிவனத்து ஆசிரியைக்குத் திறக்காது. சீனாவிலும் விதி ஏறக்குறைய இதே திசையில்தான் ஓடுகிறது. ஜப்பானில் கதை வேறு. ஆங்கிலம் பேசும் நாட்டில் பிறக்காதவர் 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும் என்பார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010 முதல் நம் மாநிலத்தில் இருக்கிறது. இங்கே நமக்கு முன்னுரிமை வாங்கித் தரும் அதே அரசுப் பள்ளிப் படிப்பு, அங்கே நம்மைத் தடுக்கும் சுவராகிறது. தமிழ் வழியில் பெருமளவு படித்தவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'நேட்டிவ் ஸ்பீக்கர்'. பிறப்பால் பேசுகிறவர். அந்தச் சொல்லை நிதானமாகப் பாருங்கள் தோழர்களே. கற்றுத் தேர்ந்து அடைய முடியாத தகுதி. தேர்வு வைத்து நிரூபிக்க முடியாத தகுதி. எந்த வயிற்றில், எந்த மண்ணில் பிறந்தாய் என்பதால் மட்டுமே வரும் தகுதி. இதற்கு நம் ஊரில் என்ன பெயர்? வேதம் ஓதும் உரிமை பிறப்பால் வரும் என்று சொன்னவனுக்கும், ஆங்கிலம் கற்பிக்கும் உரிமை பிறப்பால் வரும் என்று சொல்கிறவனுக்கும் இடையில் கடல் இருக்கிறது, கருத்து வேறுபாடு இல்லை.

வருணத்தைப் போலவே இதற்கும் படிநிலைகள் உண்டு. கடவுச்சீட்டு சரியாக இருந்தாலும் போதாது, விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்தான். புகைப்படத்தைப் பார்த்ததும் 'பெற்றோர் விரும்பமாட்டார்கள்' என்ற பதிலை அவர்கள் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் பின்னால் கிழக்கு ஐரோப்பிய வெள்ளையர் வருகிறார். ஆங்கிலம் அவருக்கும் அயல்மொழிதான், ஆனால் தோல் அவருக்குச் சான்றிதழாகிவிடுகிறது. ஆக, கேட்கப்படுவது மொழியுமில்லை. ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவரை வைத்து எல்லோரையும் அமைதியாக்கும் ஏற்பாட்டைப் புரட்சியாளர் அம்பேத்கர் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று அடையாளம் காட்டினார். அதன் ஆங்கில வகுப்பறைப் பதிப்பு இது.

இந்த ஏற்பாடு இயற்கையாக முளைத்ததில்லை. 1961இல் உகாண்டாவின் மேக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கற்பித்தல் மாநாடு நடந்தது. உகாண்டா அப்போது விடுதலைகூட அடைந்திருக்கவில்லை. காலனிகள் கைவிட்டுப் போகும் நேரத்தில், மொழி கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும் கவலை ஆண்டவர்களுக்கு இருந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க வேண்டும், சிறந்த ஆசிரியர் பிறப்பால் ஆங்கிலம் பேசுகிறவரே என்பன போன்ற கருத்துகள் அங்கே கோட்பாடுகளாகக் கெட்டிப்பட்டன. ராபர்ட் ஃபிலிப்சன் 1992இல் வெளியிட்ட மொழி ஏகாதிபத்தியம் பற்றிய நூலில் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பொய்மைகள் என்று பெயரிட்டு உடைத்தார். ஒரு மொழியைத் தானே முயன்று கற்றவருக்கு, கற்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது தெரியும். பிறந்ததிலிருந்து பேசுகிறவருக்கு அந்தப் பாதையே தெரியாது. 'நான் நேற்றுப் போனேன்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது நம் மாணவி எந்த இடத்தில் தயங்குவாள் என்று லண்டன்காரருக்கு எப்படித் தெரியும்?

இந்தப் போராட்டத்தில் தமிழ்க் குரலும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, ஆங்கிலக் கற்பித்தலில் மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பது பற்றி 1999இல் நூல் எழுதினார். பின்னாளில் இந்தத் துறையின் முதன்மையான ஆய்விதழான டெசால் குவார்ட்டர்லிக்கே ஆசிரியரானார். பிறப்பால் ஆங்கிலம் பேசாத ஆசிரியர்களைப் பாகுபடுத்துவது தவறு என்று உலக ஆங்கில ஆசிரியர் அமைப்பான டெசால் 2006இல் வெளிப்படையாக அறிக்கை விட்டது. செல்டாவின் சேர்க்கை விதியும் உங்கள் தாய்மொழி எதுவென்று கேட்பதில்லை. உயர்தர ஆங்கிலம் இருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது. துறையின் அறிவு நம் பக்கம். துறையின் சந்தை எதிர்ப்பக்கம்.

அந்தச் சந்தையின் தரகர்கள் வெளிநாட்டில் மட்டும் இல்லை. இங்கேயே, நம் நகரங்களிலேயே ஆள் சேர்க்கும் முகவர்கள் 'நேட்டிவ் மட்டும்' என்று கூசாமல் விளம்பரம் செய்கிறார்கள். ஒரு முகவர் என் குரலைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "தாய்மொழித் தாக்கம் அதிகம் சார்" என்றார். அவர் பேசிய ஆங்கிலத்தில் அவருடைய தாய்மொழித் தாக்கம் என்னுடையதைவிட அதிகம். ஆனால் அவருடையதற்கு 'நியூட்ரல் ஆக்சென்ட்' என்று பெயர், என்னுடையதற்குச் 'சேரித் தமிழ் வாடை' என்று பெயர். நடுநிலை உச்சரிப்பு என்று இங்கே விற்கப்படுவது எந்தத் தெருவின் உச்சரிப்பு என்று கேட்டுப் பாருங்கள், வாயை மூடிக்கொள்வார்கள்.

"ஏகாதிபத்திய மொழி என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு ஏன் அதைக் கற்பிக்க நாடு விட்டு நாடு போக வேண்டும்?" என்று சில தமிழ்த்தேசிய நண்பர்கள் கேட்பார்கள். அந்த நண்பர்கள் தங்கள் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லட்டும். சாவித்திரிபாய் புலே ஆங்கிலம் கற்கச் சொன்னார். தந்தை பெரியார் ஆங்கிலம் கற்கச் சொன்னார். அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குக் கப்பலேறினார். இந்த மூவரும் ஆங்கிலத்தைக் கும்பிடச் சொல்லவில்லை, பறிக்கச் சொன்னார்கள். அதேபோல, "ஆங்கிலம் வந்துவிட்டால் சாதி போய்விடும்" என்று பேசும் நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்குள்ளேயே ஓர் அக்கிரகாரம் இருக்கிறது. அதன் வாசலில் நிற்கும் காவலாளிதான் இந்த 'நேட்டிவ்' விதி.

ஆனால் வாசல்கள் திறக்காமலும் இல்லை. இந்தியா - கொரியா பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள் ஆங்கிலத் துணை ஆசிரியராகப் போக அதில் வழி வைத்தார்கள். ஏழு நாடுகள் என்ற 'புனித' எண் ஒரு மேசைப் பேச்சுவார்த்தையில் நெகிழ்ந்தது. பிறப்பு விதி என்று சொல்லப்பட்டது கையெழுத்தால் மாறக்கூடிய விதி என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்த வழி நம் கல்லூரிகளில் எத்தனை மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது? என்னிடம் படிக்க வந்த ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

எனவே சான்றிதழைத் தேர்ந்தெடுக்கும் முன் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். வளைகுடாவின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் கேட்பது பட்டமும் பி.எட்.டும். அங்கே செல்டா பி.எட்.டுக்கு மாற்றாகாது. பி.எட். கையில் இருந்து செல்டாவும் இருந்தால் தனியார் மொழி மையங்களிலும் கேட்கலாம். வளைகுடாப் பல்கலைக்கழகங்களின் ஆங்கில அடிப்படைப் பிரிவுகளில் முதுகலைப் பட்டத்தோடு செல்டாவை மதிக்கிறார்கள். வியட்நாமில் பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் சேர்த்துக் கேட்கிறார்கள். தாய்லாந்தில் நம்மைப் போன்றவர்களிடம் கூடுதலாக டோயிக் அல்லது ஐ.ஈ.எல்.டி.எஸ். மதிப்பெண் கேட்கிறார்கள். எங்கே போவதானாலும் பட்டச் சான்றிதழை நம் அரசிடமும் வெளியுறவு அமைச்சகத்திடமும் சான்றுறுதி செய்ய அலைய வேண்டியிருக்கும், அதற்கான நாட்களையும் கணக்கில் வையுங்கள். வேலைவாய்ப்பு விசா இல்லாமல் 'சுற்றுலா விசாவில் வா, பிறகு மாற்றித் தருகிறோம்' என்று சொல்கிறவன் எந்தச் சாதிக்காரனாக இருந்தாலும், நம் ஆளாகவே இருந்தாலும், நம்பாதீர்கள்.

கடைசியாக, பணம். செல்டாவுக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். முழுநேரப் படிப்பானால் நான்கைந்து வாரம் வேலையை விட வேண்டும். அந்த ஒரு மாதச் சம்பளம் இல்லாமல் அடுப்பெரியாத வீடுகள் நம்முடையவை. மலிவுச் சான்றிதழ்ச் சந்தை நம் வீட்டு வாசலில் கடை விரித்திருப்பதற்குக் காரணம் நம் பிள்ளைகளின் அறியாமை இல்லை, இந்தப் பள்ளம். இதை அரசு நிரப்ப வேண்டும். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே. அதிலும் இந்தியச் சமூகம், பண்பாடு, வரலாறு பற்றி ஆய்வு செய்யக் கூடாது என்று 2022இல் வேலி போட்டார்கள். இப்படிப்பட்ட தொழில்முறைச் சான்றிதழ்களுக்கு அதில் இடமே இல்லை.

தமிழ்நாடு அரசு செய்யலாம். தாட்கோ ஏற்கெனவே திறன் பயிற்சிகளுக்குப் பணம் செலவிடுகிறது. நான் முதல்வன் திட்டம் 2022இலிருந்து நடக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நிதி வேறு பக்கம் திருப்பப்படாமல் காக்க 2024இல் சட்டமும் வந்துவிட்டது. இந்த நிதியிலிருந்து ஆண்டுதோறும் நம் பட்டதாரிகளுக்கு வெளி மதிப்பீடு உள்ள கற்பித்தல் சான்றிதழுக்கான முழுக் கட்டணமும், படிக்கும் மாதத்துக்கான வாழ்க்கைப்படியும் தரச் சொல்லிக் கேட்போம். மாவட்டத் தலைநகரங்களிலேயே பயிற்சி மையம் கேட்போம். 'நேட்டிவ் மட்டும்' என்று இந்த மண்ணில் விளம்பரம் செய்யும் முகவர்களின் உரிமத்தை ரத்து செய்யக் கேட்போம். கொரியாவோடு போட்டது போன்ற ஒப்பந்தத்தை மற்ற நாடுகளோடும் போடும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பேசச் சொல்வோம்.

அதுவரை, தங்கைகளே, தம்பிகளே, தள்ளுபடிக் கடிகாரம் ஓடி முடியட்டும், விட்டுவிடுங்கள். உங்களை வகுப்பறையில் நிறுத்திப் பார்த்துத் திருத்துகிற படிப்பில் சேருங்கள். பணம் போதாவிட்டால் படிப்பகத்துக்கு வாருங்கள், ஊர் கூடித் திரட்டுவோம். சங்கம் வைத்துத் திரட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பது நமக்குப் புதிதில்லை. எங்கே பிறந்தாய் என்று கேட்கிறவனிடம், எங்கே படித்தேன் என்று திருப்பிச் சொல்லும் தாள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும். அந்தத் தாளையும் மீறி அவன் பிறப்பையே கேட்டால், அவன் தேடுவது ஆசிரியரை அல்ல என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அங்கிருந்து நம் சண்டை தொடங்கும்.